இரண்டு பேரிங் மாற்றியும் நிற்காத சத்தம்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும் வழியில்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். பரந்தனில் திரும்பி, தருமபுரம் கடந்து, விசுவமடு வரும்வரை காருக்குள் ஒரே கதை. பின் சீட்டில் அம்மா, தங்கச்சி, அவளுடைய இரண்டு பிள்ளைகள். முன்னால் மச்சான். புதுக்குடியிருப்புக்குக் கிட்ட எல்லோரும் களைத்து அடங்கிய பிறகு, பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. அரிசி ஆலைக்கு நாலு வளவு தள்ளி நின்று கேட்டால் எப்படியிருக்கும், அப்படி. மணிக்கு 30 மைலைத் தாண்டினால் கூடும். 20க்குக் கீழே இறங்கினால் அடங்கிவிடும்.

என்னுடையது மொரிஸ் மைனர் 1000, 948 சிசி என்ஜின். அப்பா 1974 இல் யாழ்ப்பாணத்தில் வாங்கி, கிளிநொச்சியில் ஹயர் ஓடிய கார். பெற்றோல் கிடைக்காத காலத்தில் கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார். 1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் எத்தனை நடை போனாரோ தெரியாது. நாலு பேர் இருக்கவேண்டிய காரில் எட்டுப் பேர், மேலே நெல்மூட்டை, கீழே கிடங்கு விழுந்த கிரவல் பாதை. 2005 இல் வவுனியாவில் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அடுத்த வருடம் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. அதனால்தான் இந்தக் கார் மிஞ்சியது. எங்களோடு முள்ளிவாய்க்கால்வரை வந்த மோட்டார் சைக்கிளும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் அங்கேயே போய்விட்டன. அப்பாவின் கை பட்ட பொருள் என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். அதனால் அதில் ஒரு சத்தம் வந்தால் எனக்கு நித்திரை வராது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. பின்பக்க முனகலுக்கு மூன்று பேர் காரணமாக இருக்கலாம்: ரயர், டிபரன்சல் (என்ஜினின் சுழற்சியைப் பின்சில்லு இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி), சில்லுப் பேரிங் (சில்லு இலகுவாகச் சுழல, இரண்டு வளையத்துக்கு நடுவில் உருக்குப் பந்துகள் வைத்த சாமான்). மூன்றும் தூரத்தில் நின்று கேட்டால் ஒரே மாதிரித்தான் இருக்கும். பிரித்தறியக் கருவி எதுவும் தேவையில்லை, ஆளில்லாத ஒரு நேர்ப்பாதை போதும். எனக்கு அது கிளிநொச்சியிலிருந்து முறிகண்டிக்குப் போகும் ஏ9 வீதி. விடியப்புறம் போனால் இடைஞ்சல் இல்லை.

முதலில் ரயர். காப்பெற் வீதியில் கேட்கும் சத்தம் கிரவலில் இறங்கியதும் மாறினால், அல்லது கரடுமுரடான தாரில் வேறு மாதிரிக் கேட்டால், ரயரைச் சந்தேகிக்கலாம். என்னுடையது மாறவில்லை. பின் ரயர் இரண்டையும் முன்னுக்கு மாற்றிப் பார்த்தேன். சத்தம் பின்னாலேயே நின்றது.

அடுத்தது டிபரன்சல். 35 மைலில் போகும்போது அக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் பார்க்கவேண்டும். டிபரன்சல் பல் தேய்ந்திருந்தால் இழுவையில் ஒரு சத்தம், விடும்போது இன்னொரு சத்தம் வரும். சில்லுப் பேரிங்குக்கு இதெல்லாம் பொருட்டில்லை. கியரை நியூட்ரலில் போட்டு, என்ஜின் அடங்கி ஓடக் காரை உருளவிட்டேன். முனகல் அப்படியே இருந்து, வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தது. ஆகவே சில்லுத்தான்.

எந்தச் சில்லு என்று அறியப் பாதையில் மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பார்க்கலாம். வலப்பக்கம் வளைத்தால் பாரம் இடப்பக்கச் சில்லுக்குப் போகும். எனக்கு வலப்பக்கம் வளைக்கும்போது முனகல் கூடியது. அப்போ இடப்பக்கப் பின்சில்லு. இதுவரை நான் பிழைவிடவில்லை.

பிழை அதற்குப் பிறகுதான். நகரத்தில் ஒரு கராஜில் கொடுத்தேன். பேரிங் போய்விட்டது, மாற்றினால் சரி என்றார்கள். மாற்றினார்கள், சத்தமும் நின்றது. இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. பேரிங் மட்டமான சாமான் என்று சொல்லி இன்னொன்று போட்டார்கள். மூன்று கிழமை போகமுன், வீட்டுக் கேற்றுக்குள் திருப்பும்போது பின்னால் "டொக்" என்று ஒரு தட்டல். கைப்பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. சில்லின் உட்பக்கத்தில் கறுப்பாக ஒயில் வழிந்து, புழுதி ஒட்டிக் கிடந்தது.

மாங்குளத்துக்கு இந்தப் பக்கம், தன் வளவுக்குள் ஒரு கிடுகுக் கொட்டிலில் பழைய கார் மட்டும் பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். மச்சான் சொல்லித்தான் போனேன். காரை நிறுத்தியதும் அவர் சில்லைப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டார்:

"கழட்டின பழைய பேரிங்குகள் வைச்சிருக்கிறீரோ தம்பி?"

முதலாவது பேரிங் மட்டும் டிக்கியில் ஒரு துணியில் சுற்றிக் கிடந்தது. அதை வாங்கி, பந்துகளைக் கூடப் பார்க்காமல், உள்வளையத்தின் ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவினார். பிறகு வெளிச்சத்துக்குப் பிடித்து எனக்குக் காட்டினார். உள்ளே கண்ணாடிபோலப் பளபளத்தது.

"இது அச்சிலை இறுகி இருந்திருந்தா இப்பிடி மினுங்காது. இது அதிலை சுத்தியிருக்கு. பேரிங் இல்லைத் தம்பி, அது இருக்கிற இடம் தேஞ்சு போச்சு."

மைனரின் பின் அச்சைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். டிபரன்சலின் இரண்டு பக்கமும் நீளும் இரும்புக் குழாயை நாங்கள் ஹவுசிங் என்போம். அந்தக் குழாயின் நுனியில் கடைந்தெடுத்த ஒரு முனை இருக்கிறது. அதில் ஒரே ஒரு போல் பேரிங். பேரிங்கின் மேல் ஹப், அதாவது சில்லும் ட்ரம்மும் பூட்டும் நடுப்பகுதி. ஹப்பைக் கழராமல் பிடிப்பது முனையில் முறுக்கும் பெரிய எண்கோண நட். குழாய்க்குள்ளால் வரும் ஷாஃப்ட் சில்லைச் சுழற்றுகிறது. ஆனால் காரின் பாரத்தைத் தாங்குவது அந்த முனையும் பேரிங்கும்தான். முனை சுற்றாது, பேரிங்கின் வெளிவளையந்தான் ஹப்போடு சேர்ந்து சுற்றும். உள்வளையம் முனையைக் கவ்விக்கொண்டு அசையாமல் இருக்கவேண்டும். நட் தளர்ந்தாலோ, பேரிங் உட்காரும் இடமான இருக்கை தேய்ந்தாலோ உள்வளையமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊர ஆரம்பிக்கும். உருக்கு வளையம் கடினம், ஹவுசிங் முனை அவ்வளவு கடினமில்லை. ஆகவே முனைதான் தேயும். எத்தனை புதுப் பேரிங் போட்டாலும் அந்த ஆட்டத்தில் அதுவும் கெட்டுப்போகும்.

கழற்றமுன் அவர் செய்த சோதனையை நான் இன்றைக்கும் பார்க்கிற பழைய கார்க்காரருக்கெல்லாம் சொல்கிறேன். முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ஹவுசிங்குக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்தார். ஜக்கை மட்டும் நம்பி யாரும் கைவைக்கக் கூடாது. கியர் நியூட்ரல், கைப்பிரேக் விட்டபடி. சில்லின் மேல் ஒரு கை, கீழ் ஒரு கை வைத்து உள்ளும் புறமும் ஆட்டினார். ஆட்டம் தெரிந்தது. என்னைக் குனிந்து, சில்லோடு சுற்றும் பிரேக் ட்ரம்முக்கும் அதற்குப் பின்னால் சுற்றாமல் நிற்கும் பிரேக் தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்க்கச் சொன்னார். தட்டும் சேர்ந்து ஆடினால், அச்சைத் தாங்கும் வில்லுத்தகட்டின் புஷ்ஷில் பிழை. தட்டு அசையாமல் ட்ரம் மட்டும் ஆடினால் ஹப்புக்குள் பிழை. எங்களுக்கு ட்ரம் மட்டும் ஆடியது.

பிறகு ஒரு கையை வில்லுத்தகட்டில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் சில்லை மெதுவாகச் சுழற்றச் சொன்னார். பேரிங்கின் பந்தோ தடமோ கெட்டிருந்தால் அந்தக் கைக்கு மணல் அரைபடுவதுபோல ஓர் அதிர்வு வரும். என் கைக்கு ஒன்றும் வரவில்லை, வெண்ணெய்போலச் சுற்றியது.

"பாத்தீரோ, சுத்தினா வழுக்குது, ஆட்டினா ஆடுது. பேரிங் புதுசு, இருக்கைதான் பழசு."

சுற்றும்போது கரகரத்தால் பேரிங். கரகரப்பில்லாமல் ஆட்டம் மட்டும் இருந்தால் முனை, அல்லது நட். இந்த ஒரு வேறுபாட்டை முன்பே அறிந்திருந்தால் இரண்டாவது பேரிங்குக்கு நான் காசு கொடுத்திருக்க மாட்டேன்.

கழற்றும் வேலை பெரிய சிக்கல் இல்லை. ட்ரம்மைப் பிடிக்கும் திருகாணிகள், பிறகு ஷாஃப்டின் தட்டைப் பிடிக்கும் திருகாணி. ஷாஃப்டை இழுக்கும்போது ஒயில் கொட்டும். கீழே தட்டம் வைக்கவேண்டும். ட்ரம்முக்குள் பிரேக் ஷூ இரண்டும் ஒயிலில் ஊறிக் கிடந்தன. ஊறிய லைனிங்கை, அதாவது ஷூவின் உராயும் பட்டையை, பெற்றோலில் கழுவிப் பாவிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஓடிச் சூடானதும் உள்ளே இறங்கிய ஒயில் மறுபடி கசியும். மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது அந்த எண்கோண நட். அதைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் ஐயா ஒன்றும் பேசாமல் தலையாட்டினார். எட்டு மூலையும் உளி வெட்டின தழும்பு. இந்தக் காரில் இடப்பக்க நட்டுக்கு இடமரை. வழமைக்கு எதிராகத் திருப்பினால்தான் கழரும். அது தெரியாமல் யாரோ உளியும் சுத்தியலுமாக அதைக் கழற்றுவதாக நினைத்து இறுக்கியிருக்கிறார்கள். பிறகு திரும்பப் போடும்போதும் உளியாலேயே தட்டி விட்டிருக்கிறார்கள். நட்டைப் பூட்டும் வொஷரின் காது ஒடிந்து போயிருந்தது. நட் இறுக்கமே இல்லை, ஸ்பனரில் ஒரு சிறு தள்ளலில் சுழன்றது. அந்த நட் முழுதாகக் கழன்றிருந்தால் சில்லு, ட்ரம், ஷாஃப்ட் எல்லாம் ஒன்றாக வெளியே வந்திருக்கும். பின் சீட்டில் இருந்தவர்களை நினைத்தேன். கை நடுங்கியது.

ஹப்பை உருவ இழுகருவி தேவைப்படவில்லை, கையோடு வந்தது. அதுவே பதில்தான். முனையில் ஒயிலோடு குழைந்து, கோப்பித்தூள்போலச் செம்பழுப்புப் பொடி. இரும்பில் இரும்பு உரசிய தூள் அது. துடைத்துவிட்டு ஐயா என் பெருவிரலைப் பிடித்து முனையின் அடிப்பக்கத்தில் வைத்தார். உள்ளிருந்து வெளியே நகத்தை இழுத்தால் ஓரிடத்தில் படி தட்டியது. மேற்பக்கத்தில் இழுத்தால் அவ்வளவு தட்டவில்லை. காரின் பாரம் முனையின் அடிப்பக்கத்தால் பேரிங்கில் இறங்குகிறது. முனை சுற்றாததால் எப்போதும் அதே பக்கம்தான் தேய்கிறது. கண்ணால் மேலாகப் பார்த்துவிட்டுச் சரி என்றால் இதைத் தவறவிடுவோம்.

கிளிநொச்சியில் லேத் என்ற கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர், நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரோடு வந்தார். பேரிங் இருக்கும் இடத்துக்குப் பின்னால், தேயாத வளையம்போல ஒரு சிறு பகுதி மிஞ்சியிருந்தது. அதை மூல அளவாக எடுத்துக்கொண்டார். பக்கவாட்டு அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. மேல்-கீழ் அளவு 0.11 மில்லிமீட்டர் குறைவு. நூலின் தடிப்பு என்று தோன்றும். ஆனால் இறுக்கமாக உட்காரவேண்டிய ஓரிடத்தில் அது மிகப் பெரிய இடைவெளி. அளக்கும்போது ஒரே இடத்தில் ஒருமுறை அளந்து விடாமல், உள்ளே, நடுவே, வெளியே என்று மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளக்கவேண்டும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். ஷாஃப்டின் தட்டுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஒயில் கசியாமல் அடைக்க வரும் காகிதப் பக்கிங், ஏதோ பெட்டியின் மட்டையில் வெட்டியது. தடிப்பாக இருந்தது. இந்த ஹப்பில் பேரிங்கின் வெளிவளையப் பக்கம், ஹப்பின் முகத்தையும் பக்கிங்கையும் விட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் நான்கு பங்குவரை வெளியே நீட்டி நிற்கவேண்டும். அப்போதுதான் ஷாஃப்டின் தட்டு அதை அழுத்திப் பிடிக்கும். மட்டைப் பக்கிங் போட்டால் அந்த அழுத்தம் இல்லாமல் போகும். உள்வளையத்துக்கும் பிடிப்பில்லை, வெளிவளையத்துக்கும் பிடிப்பில்லை. புதுப் பேரிங் எப்படித் தாங்கும்? இப்படி ஆடும் ஹப்பில் ஷாஃப்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிர்கிறது. மைனர்களில் ஷாஃப்ட் முறிந்த கதைகள் பலவற்றுக்குப் பின்னால் இதுவும் இருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இனி என்ன செய்வது? ஆளுக்கொரு வழி சொன்னார்கள். முனையைச் சுற்றிப் பஞ்ச் என்ற கூரான இரும்புக் கருவியால் குத்திக் குத்திப் புள்ளி போட்டு, அந்த மேடுகளில் பேரிங்கை இறுக்கலாம் என்றார் ஒருவர். அப்பா காலத்தில் பாதையோரத்தில் நின்ற வண்டியை வீடு சேர்க்க அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் பாரம் முழுக்க அந்தச் சின்னப் புள்ளிகளில் இறங்கும், கொஞ்ச நாளில் மழுங்கிவிடும். தகரத் துண்டைச் செருகுவதும் அதுபோலத்தான். ஒரு பக்கம் தேய்ந்த முனையில் பேரிங் சரிந்து உட்காரும். பேரிங் ஒட்டும் திரவம் இருக்கிறது, நல்ல சாமான். தேய்மானம் மிகச் சிறியதாக, சுற்றிவரச் சமமாக இருந்தால் ஒயில் நீக்கிச் சுத்தம் செய்து பாவிக்கலாம். எங்களுடையது ஒரு பக்கம் தேய்ந்தது. வெல்டிங் நிரப்பிக் கடைவது நடக்கக்கூடியது. ஆனால் சூட்டில் குழாய் வளையும் ஆபத்து உண்டு. முழு ஹவுசிங்கையும் தூக்கிப் பூட்டி நடுமையம் தவறாமல் கடையப் பெரிய லேத் வேண்டும். எங்கள் லேத்காரர் தன் இயந்திரத்தில் அது ஏறாது என்று நேர்மையாகச் சொன்னார். அவருக்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

கடைசியில் யாழ்ப்பாணத்தில் உடைத்துப்போட்ட இன்னொரு மைனரின் ஹவுசிங் கிடைத்தது. வாங்கமுன் ஐயா மைக்ரோமீட்டரை இரவல் வாங்கித் தந்துதான் அனுப்பினார். இரண்டு முனையையும் அளந்து, மரையில் நட்டைக் கையால் கடைசிவரை ஓட்டிப் பார்த்து, குழாய் வளைந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். மைனரின் டிபரன்சல் தனியே முன்னால் கழன்று வரும். அதனால் அப்பா ஓட்டிய அதே டிபரன்சலைப் புது ஹவுசிங்குக்கு மாற்ற முடிந்தது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

மூன்று நாள் வேலை. இரண்டு பக்கமும் புதுப் பேரிங், ஒயிலைத் தடுக்கும் புது சீல், புதுப் பக்கிங், புதுப் பூட்டு வொஷர். நட்டும் புதிது. வொஷரும் சீலும் சின்னச் சாமான் என்று பழையதைத் திரும்பப் போடுபவர்களோடு எனக்குக் கோபமே வருகிறது. சீலின் உதடு பேரிங் பக்கம், அதாவது ஒயில் பக்கம் பார்க்கவேண்டும். பேரிங்கை ஹப்புக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில்தான் அழுத்தவேண்டும். முனையில் ஏற்றும்போது உள்வளையத்தில். பிழையான வளையத்தில் தட்டினால் அடி பந்துகளுக்குள்ளால் போய்த் தடத்தில் குழி விழும். அந்தப் பேரிங் ஓட ஆரம்பித்த நாளிலிருந்தே முனகும். புது முனையில் பேரிங் கையால் பாதிவரை போய், பிறகு மெல்லத் தட்டினால்தான் ஏறியது. ஐயா என்னையே தட்டவிட்டார். ஒவ்வொரு தட்டலுக்கும் சத்தம் மாறி, அடியில் போய் உட்கார்ந்ததும் கனமான ஒரு ஒலி வந்தது. "இருந்திட்டுது" என்றார்.

ஹவுசிங்கின் மேல் காற்றுப்போகும் சிறு துளையை மறக்கக் கூடாது. பழையதில் அது சேறு காய்ந்து அடைத்துக் கிடந்தது. ஓடிச் சூடானால் உள்ளே காற்று விரியும். போக வழியில்லாவிட்டால் சீலைத் தள்ளிக்கொண்டு ஒயில் பிரேக்குக்குள் வரும். மாரியில் எங்கள் பக்கம் பாதையைக் குறுக்கறுத்து வெள்ளம் பாயும். சூடான அச்சு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். கார்த்திகை மார்கழியில் வெள்ளத்துக்குள் இறங்கி வந்தால், நிரப்பும் மூடியைக் கழற்றி விரல்விட்டுப் பாருங்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறமாக இருந்தால் அன்றைக்கே மாற்றவேண்டும். இந்தப் பேரிங்குக்குத் தனியாகக் கிறீஸ் இல்லை, டிபரன்சலுக்கு ஊற்றும் 90 நம்பர் கியர் ஒயில்தான் அதற்கும் சாப்பாடு. சமதரையில் நிறுத்தி, மூடியின் விளிம்புவரை நிரப்பினால் போதும். கூட ஊற்றினாலும் கசியும்.

வேலை முடிந்து 300 மைல் ஓடிய பிறகு, ஐயா சொன்னபடி இடப்பக்க ட்ரம்மைக் கழற்றி, ஷாஃப்டையும் இழுத்துப் பார்த்தேன். லைனிங் காய்ந்தபடி. பூட்டு வொஷரின் காது நட்டின் தட்டையான பக்கத்தில் மடிந்து, மடித்த அன்று நான் போட்ட வெள்ளைப் பெயின்ற் கோடு நேருக்கு நேர் நின்றது. நட் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. திரும்பப் பூட்டி, அடுத்த நாள் விடிய அம்மாவை ஏற்றிக்கொண்டு முறிகண்டிக்குப் போனேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், 40 மைலில் கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டேன். யன்னலுக்கு வெளியே காற்றும், அம்மா கச்சான் கோது உடைக்கும் சத்தமும்தான் கேட்டது.